ஒட்டுப் பவளம்

பவளம் என்றதும் நமக்குத் தோன்றுவது சிவப்பு. நகைக்கடைத் தட்டில் கிடக்கும் அந்தச் சிவப்பு, மத்தியதரைக் கடலில் வளரும் ஓர் உயிரின் எலும்பு நிறம். உயிர் போன பிறகும் மோதிரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும். பாறை கட்டும் பவளங்களின் சங்கதி வேறு. அவற்றின் எலும்பு வெறும் சுண்ணாம்பு வெள்ளை. நிறமெல்லாம் மேலே போர்த்திய மெல்லிய சதையில்தான். சதை போனால் நிறமும் போச்சு. அந்தச் சதையில் புது நிறம் வரவழைக்கப் பார்க்கும் பித்தர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. அவர்களில் ஒருவர் வீட்டு நிலவறையில், தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் 25 டிகிரி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இந்தக் கணக்கு பிசகினால் கலை பேச இடமே இல்லை. பவளச் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிப் பவளத்துக்குச் சோறு போடுவது அதுதான். அதன் நிறம் தவிடு. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் பாசி பெருகி, எந்தப் பவளமும் காப்பித்தூள் மாதிரி ஆகிவிடும். பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் பவளம் தானே செய்துகொள்ளும் புரதங்கள். பெரும்பாலும் கடும் வெளிச்சத்திலிருந்து பாசியைக் காக்கிற குடை அவை. 1999-இல் மாஸ்கோ விஞ்ஞானிகள், மீன்தொட்டியில் வளர்ந்த காளான் பவளத்திலிருந்து பிரித்த சிவப்புப் புரதம் இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் செல்களை அடையாளம் காட்டப் பயன்படுகிறது. வீட்டு அலங்காரத்திலிருந்து உயிரியலுக்குப் போன சீர்வரிசை!

இனி அவருடைய வித்தை. மான்டிபோரா என்று ஓர் இனம். கோஸ் இலை மாதிரி சுருண்டு அடுக்கடுக்காக வளரும். சிவப்பில் ஒரு துண்டு, பச்சையில் ஒரு துண்டு. எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கி, ஒரே பீங்கான் வில்லையில் விளிம்போடு விளிம்பு முட்டும்படி சூப்பர் க்ளூ வைத்து ஒட்டுகிறார். பிறகு காத்திருப்பு. இரண்டும் வளர்ந்து ஒன்றையொன்று தொடவே மாதங்கள் பிடிக்கும். பெரும்பாலான வில்லைகளில் நடப்பது பங்காளிச் சண்டை: நடுவில் வெள்ளைக் கோடு, அல்லது ஒன்றின் மேல் மற்றொன்று ஏறி மூடிவிடும். எப்போதாவது ஒன்றில், சிவப்புத் தகட்டுக்குள் பச்சை சிதறி நிற்கும், ஹோலியன்று வெள்ளைச் சட்டையோடு தெருவில் போனவன் மாதிரி. அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி ஒட்டி, மறுபடி வளர்த்து, நிறம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வருஷத்தில் அவருக்குத் தேறியவை இரண்டு வில்லைகள்.

ஒட்டுமாங்கன்று மாதிரிதானே என்று கேட்டேன். இல்லை என்றார். ஒட்டுமாவில் மேல்கிளை கடைசிவரை தன் பழத்தையே கொடுக்கும். அடிமரத்தின் குணம் பழத்தில் கலக்காது. இவருக்கு வேண்டியதே அந்தக் கலப்பு. உயிரியல் இவர் பக்கம் அவ்வளவாக இல்லை. இளங்குஞ்சுப் பவளங்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். வளர்ந்தவை அந்நியச் சதையைக் கண்டுகொண்டு விலக்கும். ரோஜாச் செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூப்பது போல, பவளத்திலும் ஓர் ஓரம் தானாக நிறம் மாறுவதுண்டு. ஒட்டின் பெருமையில் ஒரு பங்கு இந்தத் தற்செயலுக்குப் போக வேண்டியது என்பது என் கணிப்பு. அதனால் அவர் மேல் மதிப்புக் குறையவில்லை. நகக்கண் அளவு மாற்றத்தை நூறு வில்லைகளுக்கு நடுவே பார்த்துப் பிடிக்கிற கண்ணுக்குத்தான் நான் கைதட்டுகிறேன்.

முறையான வழி விதை வழி. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி க்ராக்ஸ் குழுவினர் தொட்டிக்குள்ளேயே சூரிய உதயம், நிலவின் வளர்தேய்வு, பருவத்தின் சூடு குளிர் எல்லாவற்றையும் கருவிகளால் நடித்துக் காட்டி, அக்ரோபோரா பவளங்களை முட்டையிட வைத்தார்கள்; 2017-இல் ஆய்வேடு வந்தது. இரண்டு வேறு பவளங்கள் ஒரே இரவில் முட்டையும் விந்தும் விட்டால்தான் புதுக் கலப்புப் பிறக்கும். நிலவறைக்காரர்களில் மிகச் சிலரே அங்கே எட்டிப்பார்க்கிறார்கள்.

சந்தைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சூப்பர்மேன், ரெயின்போ, வால்ட் டிஸ்னி என்று பெயர் சூட்டி, விரல்நுனித் துண்டை நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறது. பாதி நிறம் விளக்கு போட்ட நிறம்: 450 நானோமீட்டர் நீல ஒளியில் எதுவும் பண்டிகைக்கு உடுத்தியது போலத்தான் இருக்கும். வெளிர் ரோஜா, வெளிர் நீலம் என்று சிலர் கொண்டாடும் சாயலும் எனக்குப் பிடிக்காது. பட்டினி போட்டுப் பாசியைக் குறைத்து வரவழைத்த வெளுப்பு அது. கடலிலும் சூடு தாங்காத பவளங்கள் வெளுக்கும்போது சில, குடையை அகலமாக விரித்து, வழக்கத்தை மீறிப் பளபளக்கும். அதை அழகென்று ரசிக்க மனசு வரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் ராமேசுவரம் பக்கம் வாளியோடு போக வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் இந்திய வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்புதான் அவற்றுக்கும். வெளிநாட்டில் யாராவது தன் தொட்டியைக் காட்டினால் ஒன்று மட்டும் கேளுங்கள்: நீல விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் வெள்ளை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது அவர் தயங்காமல் அணைத்தார். அந்த இரண்டு வில்லைகளிலும் பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன.