ஒட்டில்லாத உத்தரங்கள்

தம்பின் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலாக்கா போகிறவர்களில் பலர், சிவப்புத் தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கிறிஸ்து ஆலயத்தின் உண்மையான அழகு உள்ளேதான் இருக்கிறது.

அண்ணாந்து பாருங்கள். 40 அடி உயரத்தில், சுவரிலிருந்து சுவருக்கு ஓடும் உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் அறுத்தவை. எங்கும் ஒட்டுப் போடவில்லை. கூடத்தின் அகலமோ 42 அடி, நீளம் 82 அடி. மரத்தோடு வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு அந்த வேலையின் அருமை உடனே புரியும்.

டச்சுக்காரர்கள் 1741-இல் தொடங்கி 1753-இல் முடித்த கட்டடம் இது. அதுவரை அவர்கள் வழிபட்டது அருகிலுள்ள குன்றின்மேல் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயத்தில். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த சவேரியாரின் உடல் 1553-இல் சில மாதம் அங்கேதான் அடக்கமாகியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1838-இல், கிறிஸ்து ஆலயம் ஆங்கிலிக்கன் சபைக்கு உரியதாயிற்று. வெள்ளைச் சுவர்களுக்குச் சிவப்பு ஏறியது 1911-இல்.

பழுதுபார்த்துப் பேணி வந்ததால் இங்கே இன்றும் வழிபாடு தொடர்கிறது. தமிழிலும் ஆராதனை உண்டு. அடுத்த முறை வாசலோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே போய் அமர்ந்து, அந்தக் கூரையைப் பாருங்கள்.