யுத்தக் கதையும் தோட்டத்துத் தமிழரும்

நம்மவரில் யுத்தச் சரித்திரம் படிப்போர் சிலர். யுத்தக் கதை படிப்போர் பலர். இவ்விரண்டையும் எங்ஙனம் படித்தல் வேண்டும் என்று ஆராய்வோரோ மிகச் சிலரே. கோலசிலாங்கூர் மலாவாத்திக் குன்றுக்குப் போகிறவர்கள் அங்குள்ள பழைய பீரங்கிகளைத் தடவிப் பார்க்கின்றனர். அக்கோட்டையை டச்சுக்காரர் 1784-இல் பிடித்ததும், சுல்தான் இப்ராஹிம் 1785-இல் மீட்டதும் அறிந்து மகிழ்கின்றனர். அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர் யாவர் என்று கேட்பார் ஒருவருமில்லை.

இக்குறை நம் இலக்கியப் பழக்கத்தால் வந்தது. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவதே பரணி என்பது நம் முன்னோர் இலக்கணம். குலோத்துங்கன் படை கலிங்கத்தை அழித்த பெருமையைச் செயங்கொண்டார் பாடினார். அழிந்த ஊர்க் குடிமக்கள் நிலையை நாம் கேட்டதில்லை. அரசனுக்குக் குடை பிடித்தே பழகிய வாசகன், தன் பாட்டன் பட்ட பாட்டைக் கதையில் கண்டால் இதுவும் யுத்தக் கதையோ என்று ஐயுறுகின்றான்.

1942 ஜனவரி முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் கடல் வழியே கோலசிலாங்கூர்க் கரையில் இறங்க முயன்று பீரங்கிச் சூட்டால் விரட்டப்பட்டனர். எனினும் பின்னர் சிலாங்கூர் நதியோரம் தோன்றி, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வழியாக ரவாங் சாலையை அச்சுறுத்தினர். 7-ஆம் தேதி ஸ்லிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் இந்தியப் படைப்பிரிவைப் பிளந்தன. 11-ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது.

இவற்றை எழுதியோர் பலர். சிங்கப்பூரில் சரணடைந்த பெர்சிவல் 1949-இல் தம் நூலை வெளியிட்டு, விமானமும் டாங்கியும் இல்லாக் குறையைக் காரணம் காட்டினார். வென்ற தரப்பில் திட்டம் வகுத்த சுஜி தம் சேனையின் வேகத்தை வியந்து எழுதினார். 1957-இல் பிரிட்டிஷ் சர்க்காரின் சரித்திரமும் வந்தது. தோற்றவன் காரணம் தேடுவான். வென்றவன் பெருமை தேடுவான். இருவருக்கும் ரப்பர்த் தோட்டம் என்பது துருப்புகளுக்கு மறைவிடம். லயங்களில் இருந்தோரைத் தேடுவது அவர்கள் நோக்கமன்று. ஆகவே அந்நூல்களைப் படியுங்கள், அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

தோட்டத்தார்க்குத் துப்பாக்கி ஜப்பானியரோடு வந்ததன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர், கூலி உயர்வும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவினின்று விடுதலையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; இராணுவம் அழைக்கப்பட்டது; உயிர்கள் போயின. நம் யுத்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயம் இதுவே.

அடுத்த அத்தியாயம் சயாம். 1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடப்பட்டது. கூலியும் உணவும் உண்டென ஆசை காட்டியும், வலிந்து பிடித்தும் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். காடும் பட்டினியும் காலராவும் அவர்களைத் தின்றன. காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்குற நிற்கின்றன. நம்மவர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டோ? பியேர் பூல் 1952-இல் எழுதிய குவாய் நதிப் பாலக் கதையும், 1957-இல் வந்த படமும் உலகப் புகழ் பெற்றன. அவற்றின் நடுவே நிற்பவர் ஓர் ஆங்கிலக் கர்னல்.

இவ்விடத்தே தமிழ் நாவலாசிரியர் கடமை செய்தனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை சர்க்கார் ஏடுகள் விட்ட இடத்தைத் தொட்டன. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நடையழகால் இவற்றை விஞ்சும். ஆயின் அது வட்டிக்கடைப் பையன்களின் கண்ணால் கண்ட யுத்தம். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ வேறொரு உண்மையை உரைக்கிறது: இந்திய தேசிய ராணுவத்தில் அதிகாரியாயிருந்து திரும்பிய செல்லையா, போர்க்குணம் ஏறியவன் கடைத்தொழிலுக்கு ஆகான் என்று முதலாளியால் பெண் மறுக்கப்படுகிறான். யுத்தம் முடிந்தபின் வீரனுக்குச் சமூகம் கொடுக்கும் விலை இதுவென்று எந்தத் தளபதியின் நூல் சொல்லிற்று? நடையழகு கருதிச் சிங்காரத்தைப் போற்றுவோர், நம் குடும்பக் கணக்கைத் தீர்க்கச் சண்முகத்தையும் ரெங்கசாமியையும் நாடுதல் வேண்டும்.

எனினும் நாவல் சாட்சியமாகாது. அது கண்ணீர் வரவழைத்தமையால் ஒவ்வொரு செய்தியும் மெய்யென்று கொள்ளலாகாது. சர்க்கார் அறிக்கையும் அங்ஙனமே. 1948 டிசம்பர் 12-இல் வடசிலாங்கூர் பத்தாங் காலியில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில் 24 சீனர் பிரிட்டிஷ் சிப்பாய்களால் கொல்லப்பட்டனர். தப்பியோடியபோது சுடப்பட்டனர் என்றது அன்றைய அதிகார விளக்கம். 1970-இல் அப்படையினர் சிலரே அதை மறுத்துரைத்தனர். ஆயினும் 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. அச்சேறியது அனைத்தும் உண்மையன்று என்பதற்கு நம் வட்டாரமே பாடம்.

ஆதலின் யுத்த நூல் எதுவாயினும் மூன்று கேள்வி கேளுங்கள்: எழுதியவர் எங்கே நின்று கண்டார்? யாரைக் குறைவின்றி எண்ணினார்? யாரை எண்ணாமல் விட்டார்? நாலாவது கேள்வி நமக்கே உரியது: சயாமுக்கு ஆள் பிடித்தபோது பட்டியல் எழுதியவர் யார்? அவருள் நம் கங்காணியும் கிராணியும் இருந்தனரா? அந்நியன் கொடுமையை மட்டும் பேசி இதை மூடுவது சீர்திருத்தமாகாது.

1942-இல் இருபது வயதாயிருந்தவர் இன்று நூறு கடந்திருப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன. இனிச் சாட்சி சொல்லப் பேரப்பிள்ளைகளும், கேட்ட கதைகளும், பெட்டிக்குள் கிடக்கும் பழங்கடிதங்களுமே உள. புக்கிட் ரோத்தான், ஜெராம், ரவாங், காலும்பாங் என ஒவ்வோர் ஊரிலும் வாசகசாலையோ பள்ளியோ ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பினாரா என்பதை எழுதுமாக. யானைகளை எண்ணியது போதும். இனி மனிதரை எண்ணுவோம்.