ஆலத்தூர் நாடு: பட்டியலில் ஒரு வரி

இணையத்தின் எதிர்காலம் என்றாலே செயற்கை நுண்ணறிவு, செயற்கைக்கோள், 6ஜி என்று வானத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். நான் இங்கே சலிப்பான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "இந்த ஊருக்கு இணையம் வந்தாச்சு" என்று அரசு எழுதும்போது, எதை எண்ணி எழுதுகிறது?

ஆலத்தூர் நாட்டை வைத்துப் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை ஒன்றியம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலைமேல் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று எல்லாமே 'நாடு' என்று முடியும். அதில் ஒன்று ஆலத்தூர் நாடு. நாடு என்பது மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய ஊர்த்தொகுதி அமைப்பு. அதை அப்படியே எடுத்து ஊராட்சி என்று பெயர் வைத்துவிட்டோம். வருவாய்த்துறைக் கணக்கிலும் நாடுதான் கிராமம். ஆனால் நாடு என்பது சமவெளியில் நாம் பார்க்கிற மாதிரி ஒரு தெருக்கூட்டம் கிடையாது. ஒரு சரிவில் இருபது வீடு, ஓடை தாண்டி நாற்பது வீடு, அடுத்த மேட்டில் இன்னும் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களின் தொகுப்பு.

இனி பாரத்நெட்டுக்கு வருவோம். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். அப்போது பெயர் வேறு, 2015-ல்தான் பாரத்நெட் ஆனது. நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுபோவது இலக்கு. தமிழ்நாட்டில் இந்த வேலைக்காகவே 2018-ல் டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் இலக்கு 12,525 ஊராட்சிகள். இந்த எண்ணைக் கவனியுங்கள். இதே தமிழ்நாட்டின் ஊரக வளர்ச்சித் துறை தண்ணீர்த் தொட்டிக்கும் சாலைக்கும் தெருவிளக்குக்கும் கணக்கு எடுக்கும்போது 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் என்று சொல்கிறது. ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு. தண்ணீர்க் குழாய்க்கு ஆறு இடம், இணையத்துக்கு ஒரே இடம். ஏன்?

சமவெளியில் இந்த வித்தியாசம் அவ்வளவு உறைக்காது. அலுவலகத்துக்கு வந்த கேபிளைக் கேபிள் டிவிக்காரர் யாராவது அடுத்த தெருவுக்கு இழுத்துவிடுவார். மலையில் நடக்காது. கொல்லிமலையின் பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர், மக்கள் 2011 கணக்குப்படி சுமார் 40 ஆயிரம். 14 ஊராட்சிக்கும் வகுத்தால் ஒரு நாட்டுக்கு 20 சதுர கிலோமீட்டர், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வைஃபை பெட்டி வைத்து, அதன் சிக்னல் 100 மீட்டர் சுற்றளவுக்குக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது 0.03 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் அறுநூறில் ஒரு பங்கு. பட்டியலில் மட்டும் அந்த ஊராட்சிக்கு நேராக ஒரு 'ஆம்' விழுந்துவிடும்.

இது புதுக் கதை இல்லை. மின்சாரத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2004-ல் வந்த விளக்கத்தின்படி, ஒரு கிராமத்தின் வீடுகளில் 10 சதவீதத்துக்கு இணைப்பு இருந்து, பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் மாதிரியான பொது இடங்களுக்கும் கரண்ட் வந்துவிட்டால் அது மின்மயமான கிராமம். அந்தக் கணக்கில்தான் 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லைசாங் கிராமத்தோடு இந்தியாவில் எல்லாக் கிராமத்துக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அது பொய்யில்லை. அந்த விளக்கத்துக்கு அது உண்மைதான். ஆனால் விளக்கம் போதாது என்று அரசுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் அதற்கு முந்தைய வருடமே சௌபாக்யா திட்டம் கொண்டுவந்து வீடு வீடாக எண்ண ஆரம்பித்தது. குடிநீருக்கும் இன்று வீட்டுக் கணக்குதான். இணையம் மட்டும் இன்னும் 'கிராமம் வரை' என்ற இடத்திலேயே நிற்கிறது.

"கேபிளை விடுங்க, இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்ததும், இந்தியாவில் இணையம் என்றாலே செல்போன் என்று ஆனதும் உண்மை. ஆனால் டவர் வைக்கும் நிறுவனம் ஆள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வைக்கும். மலை மடிப்பு அலையை மறைத்துவிடும். ஒரு மேட்டில் நான்கு கோடு காட்டும் போன், ஐந்து நிமிடம் கீழே இறங்கினால் செத்துவிடும். இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடித்து ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயும் எண்ணும் அலகு கிராமம். நாட்டின் ஒரு மூலையில் சிக்னல் இருந்தால் நாடு முழுக்க இருக்கிற மாதிரி.

2021-ல் பள்ளிகள் மூடியிருந்தபோது இதே நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்த படம் செய்திகளில் வந்தது. எல்லாரும் பகிர்ந்தோம், 'என்ன ஆர்வம் பாருங்க' என்று பாராட்டினோம். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. மரத்தில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிற இடமும் ஏதோ ஒரு கணக்கில் 'சிக்னல் உள்ள இடம்' என்றுதான் பதிவாகியிருக்கும்.

எண்ணிக்கை தப்பானால் என்ன பெரிய நஷ்டம் என்றால், அந்த எண்ணிக்கையை நம்பித்தான் மற்ற துறைகள் விதி எழுதுகின்றன. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலி வழியாகத்தான் வருகைப்பதிவு என்று ஆக்கினார்கள். காலையில் ஒரு படம், பிறகு இன்னொரு படம், இடமும் நேரமும் சேர்த்து. சிக்னல் இல்லாத இடத்தில் படத்தைச் சேமித்துவைத்து அப்புறம் ஏற்றலாம் என்று வசதி இருக்கிறது. ஏற்றுவதற்கு யார் போவது? பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் ஒரு பெண், சிக்னல் உள்ள மேட்டுக்கு நடப்பார். அவருடைய போன் பழுதானால் இருபது பேருடைய கூலி கேள்விக்குறி. ரேஷன் கடைக் கைரேகையும் இந்தச் சங்கிலியில்தான் தொங்குகிறது. இணையம் இல்லாதவருக்கு முன்பெல்லாம் இணையம் மட்டும்தான் இல்லை. இப்போது கூலியும் அரிசியும் சேர்ந்து தள்ளிப்போகிறது.

வேறு மாதிரி செய்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் (கொல்லிமலையில் சாமை, தினையைக் காப்பாற்ற வேலை செய்ததும் இவர்கள்தான்) புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. முதலில் மக்களிடம் என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்கள் அலை உயரம் வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடைசி அரை கிலோமீட்டரை ஒரு குழாய் ஸ்பீக்கர் கடந்தது. 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்து ஆள் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லி ஊரே கரையை விட்டு நகர்ந்தது. அவர்கள் எண்ணியது, செய்தி எத்தனை காதுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை.

செயற்கைக்கோள் எல்லாத்தையும் தீர்த்துவிடும் என்கிறார்கள். ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. மலைக்கு நிச்சயம் பொருந்தும் தொழில்நுட்பம். ஆனால் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும், காசும் வேண்டும். ஒரு தட்டை ஊராட்சி அலுவலக மொட்டைமாடியில் வைத்து மறுபடி 'ஆம்' போட்டுவிட்டால் பழைய கதைதான்.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டத்தில் (1.39 லட்சம் கோடி) இரண்டு நல்ல மாற்றங்கள் உண்டு. ஒற்றைக் கோடாகப் போன கேபிளை வளையமாகப் போடுகிறார்கள், ஒரு பக்கம் மரம் விழுந்து அறுந்தாலும் மறுபக்கம் ஓடும். கொல்லிமலைக்குக் காரவள்ளி வழி ஒன்று, முள்ளுக்குறிச்சி வழி ஒன்று என்று இரண்டு வாசல் இருப்பதால் வளையத்துக்குத் தோதான மலை. இரண்டாவது, ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் 'கேட்டால்' இணைப்பு. இங்கேதான் ஆலத்தூர் நாடு மறுபடி மாட்டிக்கொள்கிறது. நாடே ஊராட்சி, நாடே கிராமம் என்பதால் அதன் குக்கிராமங்கள் முதல் பட்டியலிலும் தனியாக இல்லை, இரண்டாவதிலும் இல்லை. கேட்பதற்கே ஒரு பெயர் வேண்டுமே. ஊராட்சியின் குக்கிராமப் பட்டியல், தண்ணீர்த் தொட்டிக்காக எடுத்தது, அலுவலகப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இணையக் கணக்கோடு சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிக்னல் உண்டா இல்லையா என்று எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். அதற்கு ஃபைபர் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.