ஹெல்மர் ஆடிய 1,117 ஆட்டங்கள்

கனடிய ஐஸ் ஹாக்கி வீரர் பிரையன் ஹெல்மர் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். உலகின் முதன்மைத் தொடரான நேஷனல் ஹாக்கி லீக்கில் அவர் ஆடியவை 146 ஆட்டங்கள். அதற்கு ஒரு படி கீழே உள்ள அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் ஆடியவை 1,117. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் அவரைக் கரை சேராதவர் என்று சொல்லிவிடக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வட அமெரிக்க ஹாக்கி தன் வீரர்களை வளர்க்கும் முறையின் நிறையும் குறையும் அங்கேயே கிடைக்கின்றன.

1936-இல் தொடங்கிய அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் இன்று 32 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மேல் லீக்கின் ஓர் அணிக்கு நாற்றங்கால். மேலே ஒருவர் காயம்பட்டால் கீழிருந்து ஒருவர் அழைக்கப்படுவார். காயம் ஆறியதும் வந்தவர் திரும்பிவிடுவார். மேல் லீக்கில் ஆடுவோரில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் இந்த வழியாக வந்தவர்களே. இம்முறையின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

தற்காப்பு வீரருக்கு இந்த நாற்றங்கால் இன்னும் முக்கியம். முன்கள வீரர் தவறினால் பின்னால் இருவர் காப்பாற்றுவார்கள். தற்காப்பு வீரர் தவறினால் அவருக்குப் பின்னால் இருப்பவர் கோல் காவலர் மட்டுமே. முழு வேகத்தில் வரும் எதிரியைப் பின்னோக்கிச் சறுக்கியபடியே எதிர்கொள்ள வேண்டும். எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது அவரைப் பலகைச் சுவர்ப் பக்கம் ஒதுக்குவது என்பதை நொடியில் முடிவு செய்ய வேண்டும். பயிற்சி மைதானத்தில் பாதிதான் பிடிபடும். மீதியைத் தவறு செய்து, தவறு செய்துதான் கற்க முடியும். தவறின் விலை குறைவாக உள்ள இடம் வேண்டும்.

ஆனால் நாற்றங்கால் ஒரே வயலுக்குச் சொந்தமானது. மேல் லீக் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஹெல்மரை எந்த அணியும் எடுக்கவில்லை. 1993-94 பருவத்தில் கீழ் லீக் அணியான ஆல்பனியில் தொடங்கி, 1995-இல் அந்த அணியோடு அந்த லீக்கின் வாகையருக்கான கால்டர் கோப்பையை வென்றார். ஆல்பனியின் தாய் அணி நியூ ஜெர்சி டெவில்ஸ். அங்கே ஸ்காட் ஸ்டீவன்ஸ், ஸ்காட் நீடர்மேயர், கென் டேனிக்கோ என்று தற்காப்பு வரிசை நிறைந்திருந்தது; அவர்களும் அதே ஆண்டு மேல் லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். ஹெல்மர் மேல் லீக்கில் கால் வைத்தது 1998-99-இல், அதுவும் ஃபீனிக்ஸ் அணிக்குப் போன பிறகு. ஐந்து பருவங்கள் காத்திருந்ததற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மேலே இடமில்லை என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது குறை அமெரிக்கன் ஹாக்கி லீக்கின் விதியிலேயே இருக்கிறது. ஆட்டத்தில் இறங்கும் 18 களவீரர்களில் குறைந்தது 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும். அவர்களில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஒருவருக்கு மட்டும் 320 வரை சலுகை. விதியின் நோக்கம் நியாயமானது. இது இல்லாவிட்டால் கோப்பைக்காக அணிகள் அனுபவசாலிகளையே நிரப்பும். இளைஞர்கள் பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். எனினும் பருவத்துக்கு 72 ஆட்டங்கள் என்று வைத்தால் 260 என்பது நான்கு பருவங்கள்கூட இல்லை. இருபது வயதில் வந்தவர் இருபத்துநான்கில் 'மூத்தவர்' ஆகிவிடுகிறார். தற்காப்புக் கலை பெரும்பாலும் மெல்லக் கனிவது. அது கனியத் தொடங்கும் வேளையில் கதவு ஒருக்களிக்கிறது. முன்கள வீரருக்கும் தற்காப்பு வீரருக்கும் ஒரே அளவுகோல் வைத்தது பிழை என்றே நான் கருதுகிறேன்.

அந்த மூத்தவர் என்ன தருகிறார் என்பதை ஹெர்ஷியில் பார்க்கலாம். 2009-இலும் 2010-இலும் கால்டர் கோப்பையை வென்ற ஹெர்ஷி பேர்ஸ் அணியில் ஹெல்மர் இருந்தார்; இரண்டாம் முறை அவரே தலைவர். அதே அணியில் ஜான் கார்ல்சனும் கார்ல் ஆல்ஸ்னரும் இளம் தற்காப்பு வீரர்கள். கார்ல்சன் பின்னர் மேல் லீக்கில் ஆயிரம் ஆட்டங்களைக் கடந்தார். 2018-இல் ஹெர்ஷியின் தாய் அணியான வாஷிங்டனுடன் ஸ்டான்லி கோப்பையை வென்றார். அவர் உயர்ந்தது ஹெல்மரால் மட்டும் என்று சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பேருந்துப் பயணத்தையும் மூன்று நாளில் மூன்று ஆட்டங்களையும் தாங்கிய ஒருவரோடு தினமும் ஆடுவது எந்தப் பயிற்சியாளரும் தர முடியாத பாடம்.

அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் ஹெல்மர் எடுத்த 564 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கான உதவிகளும்) அந்த லீக்கின் தற்காப்பு வீரர்களில் சாதனை. அவ்வளவு திறமை இருந்ததால் அவருக்கு எப்போதும் ஓர் இடம் கிடைத்தது. அவர் அளவுக்குப் புள்ளிகள் எடுக்காத, ஆனால் சொல்லித்தரத் தெரிந்த மூத்தவர்களுக்கு விதி போதிய இடம் வைக்கவில்லை. ஒவ்வோர் அணியிலும் ஒரேயொரு மூத்த தற்காப்பு வீரரைக் கணக்கிலிருந்து விலக்கினால் போதும். இளைஞர்களின் வாய்ப்பு பெரிதாகக் குறையாது.

ஓய்வுக்குப் பின் ஹெல்மரை ஹெர்ஷி அணியே நிர்வாகத்துக்கு அழைத்துக்கொண்டது. அவர் அறிந்ததன் மதிப்பு அணிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மதிப்பை விதிப் புத்தகமும் ஏற்க வேண்டும்; அவரைப் போன்றவர்கள் ஸ்கேட்ஸைக் கழற்றும் முன்பே.