ஆணை நின்றால் அடைக்கலம் எது? சீன ஏற்றுமதி வளர்ச்சியும் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியைச் சீனாவின் ஷென்சென் நகரோடு ஒப்பிடுவது இன்று பெருவழக்காகியுள்ளது. வரிச்சலுகை, துறைமுக அண்மை, இளந்தொழிலாளர் ஆகிய புற ஒற்றுமைகளே இவ்வொப்பீட்டிற்கு அடிப்படை. அயல்நாட்டு ஆணை நிற்கும்போது தொழிலாளருக்கு அடைக்கலம் எது என்னும் வினாவை இது எழுப்புவதில்லை.

சீனச் சீர்திருத்தம் ஏற்றுமதி மண்டலத்தால் மட்டும் அமைந்ததன்று. ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் 1980இல் உருவான அதே காலத்தில், கம்யூன் நிலங்கள் குடும்பப் பொறுப்பு முறையின்கீழ் உழவர் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பின்னாளில் கடற்கரை ஆலைகளுக்குச் சென்ற ஊரகத் தொழிலாளருக்கு 'ஹூகோ' என்னும் குடிப்பதிவு முறை நகர உரிமைகளை மறுத்தது. எனினும் ஊரில் நிலப்பயன்பாட்டுரிமை பெரும்பாலும் எஞ்சியிருந்தது. உலக நிதி நெருக்கடியால் ஏறத்தாழ 2 கோடி ஊரகத் தொழிலாளர் வேலையிழந்ததாக 2009இன் தொடக்கத்தில் சீன அதிகாரிகள் மதிப்பிட்டனர். ஊர் திரும்பியோரைத் தாங்கியதில் அந்நிலத்திற்குப் பெரும்பங்குண்டு. ஆலை ஏற்காத சுமையை ஊர் ஏற்றது எனலாம்.

திருப்பெரும்புதூரில் இத்தகைய தாங்குதளம் இல்லை. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்தமையால், 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கிய சொத்துகளுள் இடம்பெறவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும், அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதனைச் சார்ந்திருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்துப் பணியை நிறுத்தியது. வரி வழக்கும் தொழில்நுட்ப மாற்றமுமே இதற்குக் காரணம் என வாதிடலாம். அவ்வாதம் சரியே, ஆயின் ஓர் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு வளாகமே ஓய்ந்தது ஏன் என்பதை அது விளக்காது. வேலையிழந்தோருக்கு ஊரில் நிலவுரிமை உண்டு என்றும் கொள்ள இயலாது. தமிழக ஊரகக் குடும்பங்களுள் பெரும்பான்மையானவை நிலமற்றவை.

இதே பகுதியிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை வேறொரு வழியைக் காட்டுகிறது. 1998இல் உள்நாட்டுச் சந்தைக்காகச் சான்ட்ரோ மகிழுந்தை உருவாக்கத் தொடங்கிய அது, துணை ஆலைகளைச் சுற்றிலும் வளர்த்துக்கொண்டு ஏற்றுமதியிலும் கால்பதித்தது. அதற்கு வேராக அமைந்தது உள்நாட்டுத் தேவையே.

அத்தேவைக்கு ஊற்று கூலி. சீனா இன்றளவும் கடக்காத எல்லையும் இதுவே. அங்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வீட்டு நுகர்வின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காட்டளவிலேயே நிற்கிறது. 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தொழிற்சங்க ஏற்பும் ஊதிய உயர்வும் கோரி ஐந்து வாரங்களுக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தத்தை இப்பின்னணியில் மதிப்பிட வேண்டும். முதலீட்டிற்குத் தடை என்று பலர் கருதிய அக்கோரிக்கை, குளிர்பதனப் பெட்டியை உருவாக்குவோர் அதனை வாங்கவும் வல்லவராவதற்கான வழியாகும். நிலம் தராத காப்பைக் கூலியும் சங்கவுரிமையும் சமூகப் பாதுகாப்பும் தந்தாலன்றி, ஷென்சென் ஒப்பீடு வடிவத்தளவிலேயே நின்றுவிடும்.