சுவரும் சம்மதமும்

மணவூர் ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் வரும் வழியில், தெரிந்தவர் ஒருவரின் சுற்றுச்சுவரில் ஒரு கட்சியின் பெயரும் ஆண்டும் போட்டு 'ரிசர்வ்' என்று எழுதியிருந்தது. தேர்தல் காலத்தில் தனியார் சுவரில் எழுத உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. "கேட்டாங்களா?" என்றேன். "கேட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டு இந்த ஊர்ல இருக்க முடியுமா?" என்றார். அனுமதி என்ற சொல்லை இந்தப் பதிலிலிருந்தே வாசிக்க விரும்புகிறேன்.

ஏனெனில் சுவரோவியம் பற்றி நம்மிடையே உலவும் சொல்லாடல் ஓர் எளிய எதிர்வின் மேல் நிற்கிறது: அனுமதி இல்லையென்றால் அசிங்கம், இருந்தால் கலை. 2009-இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களைத் தடுக்கத் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்தது. அந்த வேலை பேனர், கட்-அவுட் ஓவியர்களுக்குப் போனது. ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்தவர்கள் அவர்கள். தலைவர்களை வானளாவ நிறுத்திய கைக்கு இப்போது தலைவர்களின் போஸ்டரை விரட்டும் வேலை. (மூத்திரம் பெய்யாமலிருக்கச் சுவரில் சாமிப்படம் பதிப்பது நம்ம ஊர் வழக்கம்தானே. மாநகராட்சியின் அழகியல் அதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை.) இங்கே ஓவியம் பேசுவதற்காக வரையப்படவில்லை, வேறொருவர் பேசிவிடக் கூடாது என்பதற்காக வரையப்பட்டது.

கண்ணகி நகர் விஷயம் இவ்வளவு சுலபமல்ல. ஆற்றங்கரை, கால்வாய்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடிசை மாற்று வாரியம் 2000 முதல் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, ஏஷியன் பெயிண்ட்ஸ் துணையோடும் மாநகராட்சி ஒத்துழைப்போடும் அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரைவித்தது. டெல்லி லோதி காலனியில் செய்ததன் தொடர்ச்சி. ஆனால் லோதி காலனி அரசு ஊழியர் குடியிருப்பு. அங்கே குடியிருப்பவர் தன் முகவரியை யாரிடமும் மறைத்ததில்லை.

கண்ணகி நகர்க்காரர் மறைத்தார். வேலை கேட்கப் போகுமிடத்தில் துரைப்பாக்கம் என்று சொல்லிச் சமாளித்தார். அந்தப் பெயருக்கு இப்போது படம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்பதை நான் எள்ளி நகையாடத் தயாரில்லை. அது சிறிய விஷயமல்ல. ஏ-கில் வரைந்த குழந்தை முகங்கள் நல்ல ஓவியங்கள் என்பதிலும் எனக்குத் தயக்கமில்லை. என் சிக்கல் வேறு. சுவரின் உள்பக்கம் குடும்பத்துக்கு, வெளிப்பக்கம் வாரியத்துக்கு. குடியிருப்பவரிடம் வாசலில் வந்து பேசலாம், நிறம்கூடக் கேட்கலாம். அவர் 'வேண்டாம்' என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? அவரை இங்கே கொண்டுவந்து இறக்கியபோதும் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்கவில்லை.

கிராஃபிட்டி என்ற வடிவத்தின் தொடக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் 'டாகி 183' என்று ஊரெங்கும் எழுதிய பையன் வரைந்தது படமல்ல. தன் பெயரும் தான் வசித்த தெருவின் எண்ணும். நான் இன்னார், இன்ன இடத்துக்காரன், அவ்வளவுதான். அனுமதிக்கப்பட்ட பொதுக்கலை முதலில் இழப்பது இந்த முகவரியைத்தான். கண்ணகி நகர்ச் சுவரில் இருக்கும் பெயர் ஓவியருடையது, அமைப்புடையது. முகம் மட்டும் ஊர்க்காரர்களுடையது.

சிலப்பதிகாரக் கண்ணகியும் வாயிற்காவலனிடம் சொல்லியனுப்பி, அனுமதி பெற்றே உள்ளே போனாள். ஆனால் உள்ளே என்ன பேசுவது என்பதை அவளே தீர்மானித்தாள். தன் பெயரையும் ஊரையும் சொன்னாள்.

ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கீழே, குடங்கள் வரிசையில் இருந்த உயரத்தில், கரித்துண்டால் ஒரு பையனின் பெயரும் பிளாக் எண்ணும் எழுதியிருந்தது. கூட வந்த நண்பர், "நல்ல படத்தைக் கெடுத்து வெச்சிருக்கானுங்க" என்றார். நான் அதைத்தான் முதலில் படம் எடுத்தேன்.