வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்

விலங்குப் பொம்மை ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலையாக அதைக் கவிழ்த்து வயிற்றைப் பார்ப்பேன். சேகரிப்பவர்கள் எல்லோருமே அப்படித்தான். தயாரித்த நிறுவனம், ஆண்டு, சிலவற்றில் இனத்தின் பெயர் என்று அங்கே பொடி எழுத்தில் புடைத்திருக்கும். ஷ்லைக் நிறுவனத்தின் பொம்மைகள் பலவற்றில் ஜெர்மனியின் ஷ்வேபிஷ் க்முண்ட் ஊர் முகவரியே இருக்கும். 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்த பழைய பொம்மை கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளிதான். இரண்டு ஜெர்மனிகளும் 1990இல் ஒன்றாவதற்கு முன்பு செய்தது அல்லவா அது!

சாவி கொடுத்தால் ஆடுகிற குரங்கையும் பஞ்சு அடைத்த கரடியையும் நான் சொல்லவில்லை. தசைத் திரட்சி, தோல் சுருக்கம், குளம்பின் பிளவு எதையும் விடாமல் வடித்து, வண்ணம் தீட்டிய சின்னஞ்சிறு உருவங்களைச் சொல்கிறேன். யானையே இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தவளை விரல் நுனியில் உட்கார்ந்துகொள்ளும். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க இப்போது இவைதான். இதைவிட இன்பமான பொழுதுபோக்கு இந்த ஊரில் இருந்தால் யாராவது எனக்குக் காட்டட்டும்!

இந்தக் கலைக்கு நல்ல வரலாறும் உண்டு. லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளே கூடான ஈயப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியது. முதலில் எல்லாம் போர்வீரர்கள். முதல் உலகப் போரில் அத்தனை பேர் மாண்டபின் சிப்பாய்ப் பொம்மைகள் மீது மக்களுக்கு மனம் போகவில்லை. நிறுவனம் பண்ணை மாடு, ஆடு, வாத்து என்று இறங்கியது. ஷ்லைக் 1935இல் பிறந்தது. அமெரிக்காவின் சஃபாரி, பிரான்சின் பாப்போ, பிறகு வந்த கலெக்டா என்று இன்று வாங்க நிறைய உண்டு. ஆனாலும் என் மனத்தை அள்ளியது ஜப்பானின் காய்யோடோதான். ஒசாகா பக்கம் 1964இல் சின்ன மாடல் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1999இல் ஃபுருத்தா மிட்டாய் நிறுவனத்தோடு சேர்ந்து சாக்லேட் முட்டைக்குள் விலங்குகளை வைத்துக் கொடுத்தது. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் வைத்திருந்தால் ஊரோடு ஒத்துப் போயிருக்கும். அவர்கள் ஜப்பானின் சொந்தக் காட்டிலும் ஓடையிலும் வாழும் உயிர்களை வைத்தார்கள்! சிற்பி ஷினோபு மட்சுமுராவின் கைவண்ணம். மிட்டாய்க்கு இலவசமாக வந்த பொம்மையில் தன் நாட்டு விலங்கின் பெயரை ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்.

இனத்தைக் கற்றுக்கொள்ள எளிய வழி, இரண்டு யானைகளை அருகருகே நிறுத்துவது. ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது முதுகைத் தடவிப் பாருங்கள். நம் ஆசிய யானைக்கு முதுகு மேடாக இருக்கும்; ஆப்பிரிக்க யானைக்கு நடுவில் பள்ளம். நம் யானையின் நெற்றியில் இரட்டைக் குமிழ். தும்பிக்கை நுனியில் நம் யானைக்கு ஒரு விரல், ஆப்பிரிக்க யானைக்கு மேலும் கீழுமாக இரண்டு. நல்ல சிற்பி அந்த விரலைக்கூட விடமாட்டார். நகங்களையும் எண்ணலாம்: நம் யானைக்குப் பெரும்பாலும் முன்னங்காலில் ஐந்து, பின்னங்காலில் நான்கு. சின்ன வயதில் கோயில் யானையிடம் ஆசி வாங்கியே வளர்ந்தவள் நான். அதன் நகத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னது இந்தப் பொம்மைதான்.

பொம்மையைப் பார்த்தால் போதாது; அசலையும் பார்க்க வேண்டும். அந்த வகையில் குவீன்ஸ்டவுன்காரர்களுக்கு அதிர்ஷ்டம். எங்கள் வட்டாரத்துக்குள்ளேயே, கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில், லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. 2015 ஏப்ரலில் திறந்தார்கள். அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்த பிரின்ஸ், அப்பொலோனியா, டுவிங்கி என்ற மூன்று நீள்கழுத்து டைனோசர்களைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். எனக்கு அங்கே உயிர் ஜூபி லீ.

ஜூபி லீ ஒரு பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம். 2015 ஜூலை 10ஆம் தேதி ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்தது, நீளம் 10.6 மீட்டர். சிங்கப்பூர்க் கடலில் இந்த இனம் பதிவானது அதுவே முதல் முறை. நாடு பொன்விழா கொண்டாடிய ஆண்டு என்பதால் அந்தப் பெயர். வயிற்றுக்குள் கணவாய்களின் அலகுகள் இருந்தன, கூடவே பிளாஸ்டிக்கும் இருந்தது. இதற்கு முன்னால் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் 1907 முதல் தொங்கிய வேறொரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 1974இல் மலேசியாவுக்குப் போய்விட்டது. பல ஆண்டுகள் வெறுமையாக இருந்த இடத்தை ஜூபி லீ வந்து நிரப்பினாள்.

என் ஸ்பெர்ம் திமிங்கிலப் பொம்மையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், அந்த எலும்புக்கூட்டின் அடியில் நின்று எடுத்துப் பார்த்தேன். அடடா! பொம்மையில் பெட்டியைப்போல் சதுரமாக நிற்கிறதே தலை, அது எலும்பில் இல்லவே இல்லை. எலும்பில் இருப்பது குழிந்த பெரிய தொட்டி ஒன்றுதான். அந்தத் தொட்டியின் மேல்தான் மெழுகெண்ணெய் நிறைந்த உறுப்பு உட்கார்ந்திருக்கும். கடலின் இருட்டில் ஒலியெழுப்பி இரை தேட உதவும் உறுப்பு அது. தாடையைப் பாருங்கள்: பல் வரிசை கீழ்த்தாடையில்தான் தெரியும், மேலே அந்தப் பற்கள் போய் அமரக் குழிகள் மட்டும். பிறகு மூச்சுத்துளை. மற்றத் திமிங்கிலங்களுக்கு உச்சந்தலையில் இருப்பது இதற்குத் தலையின் முன்நுனியில், அதுவும் இடப்பக்கம் ஒதுங்கி இருக்கும். என் பொம்மையைத் திருப்பினேன். முன்நுனியில், இடப்பக்கம், ஊசியால் கீறியதுபோல் ஒரு சின்னக் கோடு! முகம் தெரியாத அந்தச் சிற்பி எந்தப் புத்தகத்தைப் புரட்டி, எந்தப் படத்தைப் பார்த்து இதைச் செதுக்கினாரோ, அவர் கைக்கு முத்தம் கொடுக்கலாம்.

அன்று முதல் என் விதி இதுதான்: பொம்மை வாங்கினால் அந்த இனத்தைப் பற்றி வாசிக்காமல் அலமாரியில் ஏற்றக்கூடாது. வாசிக்க மார்கரெட் டிரைவில் குவீன்ஸ்டவுன் நூலகம் இருக்கிறது. 1970 ஏப்ரல் 30இல் திரு லீ குவான் இயூ திறந்துவைத்த, நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம். விலங்கியல் தட்டுக்கு முன்னால் நேரம் போவதே தெரியாது.

என் அலமாரியில் மேல்தட்டு சிங்கப்பூர் விலங்குகளுக்கு. நீர்நாயில் இரண்டு இனம் வைத்திருக்கிறேன். தென்கிழக்காசியாவிலேயே பருமனான வழுவழு நீர்நாய் ஒன்று; பீஷானிலும் மரினா பேயிலும் குடும்பமாகத் திரிந்து ஊரையே மயக்கியது அதுதான். மற்றது உலகின் நீர்நாய்களிலேயே சிறியது. அதன் நகம் விரல்நுனியைத் தாண்டாது. நகத்தைப் பார்த்தே எது எதென்று சொல்லிவிடலாம். பக்கத்தில் இருவாச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தீவிலிருந்து மறைந்துபோன பறவை, 1994இல் புலாவ் உபினில் ஒரு ஜோடியாகத் தலைகாட்டி, இன்று அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலேயே வந்து உட்காருகிறது. பிறகு தபீர், தாயும் குட்டியுமாக. தாய்க்குக் கறுப்பு உடம்பில் வெள்ளைப் போர்வை. குட்டிக்குப் பழுப்பு மேனியில் கோடும் புள்ளியும். இரண்டும் ஒரே இனம் என்றால் பார்ப்பவர்கள் நம்புவதே இல்லை. காலைக் கவனியுங்கள், முன்னே நான்கு விரல், பின்னே மூன்று. 2023 ஜூலையில் பொங்கோலில் அசல் தபீர் ஒன்று சைக்கிள் பாதையோரம் நடந்துபோனபோது நான் துள்ளிய துள்ளலை வீட்டில் இன்னும் சொல்வார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்குச் செல்லம் எறும்புத்தின்னி. உலகில் எட்டு இனம் என்று நூல்கள் சொல்லும், ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு. இங்கே புக்கிட் தீமா காட்டில் இருப்பது சுந்தா எறும்புத்தின்னி; தமிழ்நாட்டில் அலங்கு என்று நாம் சொல்வது இந்திய இனம். ஆசிய இனங்களுக்குச் செதில்களுக்கிடையே மயிர் இருக்கும். ஆப்பிரிக்க இனங்களுக்கு இருக்காது. வாயில் ஒரு பல் கிடையாது. குட்டி தாயின் வால் அடியில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும். என்னிடம் இருப்பதும் அப்படிக் குட்டியைச் சுமக்கும் தாய்தான். கையில் எடுக்கும்போதெல்லாம் 2019 ஏப்ரல் நினைவுக்கு வரும். நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போகிற வழியில் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் பிடிபட்ட இரண்டு சரக்குகளில் 25 டன்னுக்கு மேல் எறும்புத்தின்னிச் செதில்! நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் அது. அதற்காக எத்தனை ஆயிரம் உயிர்கள்.

நவராத்திரி வந்தால் என் சேகரிப்புக்குத் திருவிழா. தேக்காவில் வாங்கிய மண் பொம்மைகள் மேல்படிகளில். கீழ்ப்படிகளில் என் பிராணிகள். ஓரறிவு உயிரில் தொடங்கி ஆறறிவு வரை ஏறிப் போவது கொலுவின் மரபு. உயிர்களை அறிவால் வகுக்கிற அந்த முறை தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. ஆகவே சிப்பியும் நத்தையும் கீழே, நண்டும் வண்டும் அதற்கு மேலே, பிறகு பறவையும் விலங்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் தமிழ்ப் பெயரும் அறிவியல் பெயரும் எழுதிய சீட்டு. சுண்டலுக்கு வரும் அண்டை வீட்டு மலாய், சீனப் பிள்ளைகள் படியைவிட்டு நகர்வதில்லை. "ஆண்டி, இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய நகம்?" என்று எறும்புத்தின்னியைக் காட்டிக் கேட்டான் எதிர்வீட்டுப் பையன். கறையான் புற்றை உடைக்க என்றதும் அவன் கண் விரிந்ததே, அதற்காகவே ஆண்டுதோறும் கொலு வைக்கலாம்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. புதிய பொம்மை விலையைக் கண்டு மலைக்க வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் பை நிறையக் கிடக்கும். கரூசல் இணையச் சந்தையில் போடுவார்கள், எம்ஆர்டி நிலையத்தில் நேரில் கைமாற்றிக்கொள்ளலாம். அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். நம் ஊர் வெயிலில் ஒல்லிக்கால் மான்கள் வளைந்து சாயும். அந்தக் காலைச் சுடுநீரில் சற்று நேரம் பிடித்து, நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் அமுக்குங்கள்; நேராக நிற்கும். சன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், வண்ணம் வெளுத்துவிடும். வாங்கும்போது எண்ணிக்கைக்கு ஆசைப்படாமல், ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று இனங்களாக வாங்குங்கள். ஒப்பிட ஒப்பிடத்தான் கண் திறக்கும்.

எனக்கு ஒரே ஒரு ஏக்கம். வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு; 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 மட்டுமே. அதன் நல்ல உருவம் எந்தக் கடையிலும் இன்னும் என் கண்ணில் படவில்லை. பாக் நீரிணையில் அதற்கென்றே 2022இல் காப்பகம் அறிவிக்கப்பட்ட கடற்பசுவும் எளிதில் கிடைப்பதில்லை. அதன் உறவான துடுப்பு வால் மானட்டிதான் கிடைக்கிறது, பிளவு வால் கடற்பசு இல்லை. ஜப்பான்காரர் தம் விலங்குகளைச் செய்தார்கள். நமக்குக் கலைஞர்களா இல்லை? பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் களிமண்ணில் உயிரை வடிக்கும் கைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அங்குள்ள கலைஞர்களே, அடுத்த கொலுவுக்கு ஒரு வரையாடு, ஒரு அலங்கு, ஒரு கடற்பசு செய்யுங்கள். கொம்பின் வளைவும் செதிலின் வரிசையும் வாலின் பிளவும் அசலைப் போலவே இருக்கட்டும். விலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்; வாங்கிக்கொள்ள இங்கே சிங்கப்பூரில் நாங்கள் இருக்கிறோம்.